தாளிக்காத வீடு

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாளிக்காதே என்று நான்தான் என் மனைவியிடம் சொன்னேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் அது. எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வயிறு எனக்கு முன்னால் போய், பின்னால் நான் வந்துகொண்டிருப்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. திருப்போரூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர் வேலை. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து போய், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து திரும்புகிற பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து கவிதை எழுதுவேன். மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு எடை குறையாது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது, உடம்பை இறக்குங்கள் என்றார்.

இறக்குங்கள் என்றுதான் சொன்னார். தசையை ஏற்றுங்கள் என்று சொல்லவில்லை. அது என் ஆசை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் டாக்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பேன்.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. கீழேயிருந்து ரப்பர் வாசனை ஏறி வரும். மேலேயிருந்து வியர்வை வாசனை இறங்கிப் போகும். மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற பயிற்சியாளனுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என்னைச் சுற்றி ஒரு முறை வந்தான், பழைய வண்டியை விலை பேசுகிறவன் மாதிரி.

"இன்னா அண்ணாத்த, சோறு எத்தினி வேள?"

"மூணு வேளை. இல்ல, காலையில இட்லி."

"இட்லி இன்னா, அதுவும் சோறு தான். சோத்த வுட்டுடு. முட்ட துன்னு, மஞ்சள எடுத்துட்டு வெள்ள மட்டும். வெள்ளரிக்கா துன்னு. பசிச்சா தண்ணி குடி. அப்பவும் பசிச்சா இங்க வந்துடு, வெயிட்டு தூக்கு, பசி பயந்து ஓடிடும்."

அடுத்த பெஞ்சில் படுத்திருந்த ஒருவன், "மச்சான், அவுரு கவிதை எழுதுறவரு, முட்டைய பாத்து நிலான்னு சொல்லிகினு ஒக்காந்துட போறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபோது குலுங்கியது எது என்று கண்ணாடியில் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. என் மனைவி திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. நெல்லும் வேர்க்கடலையும் போட்ட வீட்டுப் பெண். அவள் சாப்பிடும் முறை ஒன்று உண்டு. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகு, குழம்புச் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற குழம்பிலேயே மீதிச் சோற்றைப் போட்டு, விரலால் சட்டியின் சுற்றுச்சுவரையெல்லாம் வழித்துப் பிசைந்து, அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். தட்டில் போட்டுக்கொள் என்று கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்தேன். "சட்டில துன்ற ருசி தட்டுல வருமா, போங்க" என்றாள். அதன் பிறகு நான் சொல்லவில்லை. அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததும் குறைவு. என் சாப்பாடு முடிந்தால் வீட்டில் சாப்பாடு முடிந்தது என்கிற எண்ணத்தில் கால் நூற்றாண்டு போயிருக்கிறது.

நான் சோற்றை விட்டேன். முதல் இரண்டு நாள் எனக்கு வேகவைத்த முட்டையும், அவளுக்குச் சோறும் கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பும் என்று நடந்தது. இரண்டாம் நாள் அவள் கடுகு தாளித்தாள். கூடத்தில் வெள்ளரிக்காயோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நாக்கின் அடியில் விழுந்தது. வடகம் பொரிந்தது. கறிவேப்பிலை குதித்தது. பூண்டு சிவந்து, அதன் வாசனை கூடத்துக்கு வந்து என் தோளில் கை போட்டது. எழுந்து போய் மூன்று கரண்டிச் சோறு சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், வழி தெரியாமல் அவள் மேல் போனது.

"ஒரு மனுஷன் கஷ்டப்பட்டு வாயைக் கட்டிக்கிட்டிருக்கான். நீ இப்படி மூக்குக்குக் கீழ தாளிச்சா எப்படி? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாளிக்காத. பழகிட்டா அப்புறம் ஒண்ணும் ஆகாது."

அவள் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "செரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு சொல்.

பழகியது. எனக்குப் பழகியது. மாசி போய், பங்குனி போய், பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காணாமல் போயிருந்த எலும்பு திரும்பி வந்தது. கையை மடக்கினால் மேல்கையில் ஒரு சின்ன எலி ஓடி நின்றது. அந்த எலியைப் பார்ப்பதற்காகவே குளியலறையில் அதிக நேரம் எடுத்தேன். கல்லூரியில் பிள்ளைகள், "சார், செம ஃபிட்டா ஆயிட்டீங்க" என்றார்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்காதவர்களுக்கெல்லாம் அபராதத்தைத் தள்ளுபடி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்னால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய்விடுவேன். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே படகுகள் ஏற்றி வைத்திருக்கிற மணலில் ஓட்டம். மணல் காலைப் பிடித்து இழுக்கும்; இழுப்பதை உதறி உதறி ஓடுவதில் ஒரு போதை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒரு வாரம் பார்த்தார்கள், அடுத்த வாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மீன் வறுத்து விற்கிற ஓர் அம்மா மட்டும் விடவில்லை.

"இன்னா சார், யாருனா தொரத்திகினு வராங்களா?"

"இல்லம்மா, எக்சர்சைஸ்."

"எங்க வூட்டுக்காரரு வல இஸ்து இஸ்து எலும்பா கீறாரு. நீ டப்பு செலவு பண்ணி எலும்பாவுறியா? ஒரு வஞ்சிரம் துன்னுட்டு ஓடேன். கடலு எங்கியும் போயிடாது."

நான் சிரித்துக்கொண்டே ஓடிப்போவேன். ஈரக்காற்றில் மிளகாய்த்தூளும் எண்ணெயும் கொஞ்ச தூரம் கூடவே வரும். எதிர்த்து ஓடினேன். எதை எதிர்த்தோ வெல்கிறோம் என்கிற எண்ணம்தான் எவ்வளவு இனிப்பு! அந்த இனிப்பை யாரும் எனக்கு நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் அந்த நாட்களில் அவள் என்ன சாப்பிட்டாள்? இந்தக் கேள்வியை எழுத இவ்வளவு நேரமாகிறது. கேட்டிருந்தால் ஒரு வினாடி வேலை. நான் கேட்கவில்லை. முதலில் கொஞ்ச நாள் காலையிலேயே கொஞ்சம் சோறு வடித்து வைத்துக்கொண்டாள் என்று ஞாபகம். பிறகு குக்கர் மேல் பரணுக்குப் போயிருந்தது. ஏன் என்று ஒருநாள் போகிற போக்கில் கேட்டதற்கு, "ஒரே ஆளுக்கு ஒல வெச்சா குக்கருக்கே வெக்கமா கீது, விசிலே வர மாட்டேங்குது" என்றாள். நல்ல வரி என்று நினைத்தேன். ஒரு கவிதையில் அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆம், அதையும் செய்தேன்.

ஒரு நாள் அவள் துணி மடிக்கும்போது மோதிர விரலில் வெள்ளை நூல் தெரிந்தது. மோதிரத்தின் அடியில் சுற்றிச் சுற்றி, மோதிரம் கழன்று விழாமல் இருக்க, பெண்கள் சுற்றிக்கொள்வார்களே அந்த நூல். பார்த்தேன். நூல் என்று கண்ணுக்குத் தெரிந்தது. விரல் இளைத்திருக்கிறது என்று தெரியவில்லை. என் பெல்ட்டின் ஓட்டைகளை எண்ணத் தெரிந்த கண் அது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், "ஒரு நாளு என்னியும் கடலுக்கு இட்டுனு போங்களேன். அப்பிடியே மலை ஏறி சாமியையும் பாத்துட்டு வரலாம்" என்றாள். எனக்குச் சந்தோஷம். என் ஓட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. ஸ்கூட்டரில் பின்னால் அவள் உட்கார்ந்தபோது வண்டி அமுங்கவில்லை. நான் இளைத்ததால் வண்டிக்குச் சுமை குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் காரணமாக நானே இருந்தேன் அந்த நாட்களில்.

திருக்கழுக்குன்றத்தில் மலைப்படி. போன வருஷம் இதே படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மோர் வாங்கி, அவள் முந்தானையால் விசிற, ஏறியவன் நான். இந்த வருஷம் முதல் படியிலேயே காலுக்குள் ஒரு குதிரை கனைத்தது. "நீ மெதுவா வா, நான் மேல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். மலையேறிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைத் தாண்டினேன். இரண்டு காலேஜ் பையன்களைத் தாண்டினேன். தாண்டும்போது வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டேன். மேலே போய் நின்றபோது கீழே சங்கு தீர்த்தக் குளமும் தேர் வீதியும் வயல்களும், அதற்கும் அப்பால் கடல் இருக்கிற திசையில் ஒரு வெளிறிய கோடும். காற்று வந்து சட்டையை உடம்போடு ஒட்டியது. தட்டையான வயிற்றில் சட்டை ஒட்டுகிற சுகம். யாரோ வானத்தைக் காட்டிக் கழுகு வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். கீழே பார்க்கவில்லை.

தாண்டி வந்த குடும்பம் மேலே வந்தது. பையன்கள் வந்தார்கள். அவள் வரவில்லை. அந்தக் குடும்பத்து அம்மாதான் என்னிடம் கேட்டாள்: "பச்ச சேல கட்டினு ஒரு அக்கா, உங்க வூட்டுக்காரங்களா? கீய மண்டபத்துல ஒக்காந்துகினு கீறாங்க. கண்ணு இருட்டிகினு வருதுன்னாங்க."

இறங்கினேன். ஏறியதைவிட அந்த இறக்கம் நீளம்.

மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் யாரோ கொடுத்த சோடா பாட்டில். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க, வெயிலு. நீங்க ஏன் எறங்கி வந்தீங்க, சாமி பாத்துட்டீங்களா?" என்றாள். தூக்கி நிறுத்தக் கை கொடுத்தேன். அந்த ஜிம்மில் நான் தூக்குகிற எந்த இரும்பும் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. அவ்வளவு கனமாகவும் இருந்ததில்லை.

கடலுக்குப் போகவில்லை. செங்கல்பட்டுக்கே திரும்பி, மறுநாள் காலை அதே டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். எடை பார்த்தார்கள். டாக்டரம்மா அவளுடைய பழைய சீட்டையும் புதிய சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆள் பாதியா ஆயிட்டீங்க. சாப்பிடறீங்களாம்மா?"

"துன்றேன் டாக்டர்."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்காகப் பதில் சொல்லத் தயங்குகிற பார்வை அது, தனக்காக இல்லை.

"முட்ட."

"எத்தனை?"

"முட்டன்னா... மஞ்ச மட்டும். அவுரு வெள்ளைய துன்னுடுவாரு. மஞ்சள தூக்கிப் போட மனசு வராதுங்க டாக்டர். உப்பு போட்டு..."

"அதுக்கு மேல?"

"காப்பி."

"எத்தனை நாளா?"

அவள் சேலை நுனியை முறுக்கினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். என் தோளை, மேல்கையை, வயிற்றை ஒரு முறை பார்த்தார். நான் இளைத்ததைப் பாராட்டுவார் என்று ஒரு கணம், சத்தியமாக ஒரு கணம், எதிர்பார்த்தேன். உடம்புக்குள் அப்படி ஒரு நாய் வாலாட்டிக்கொண்டே இருக்கிறது.

"ஆக, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே சாப்பாடு சாப்பிட்டிருக்கீங்க" என்றார்.

அந்த மஞ்சள் கருக்களை நான் தினமும் ஒரு கிண்ணத்தில் ஒதுக்கி வைப்பேன். கொல்லைப் பக்கம் வருகிற பூனைக்குப் போடுகிறாள் என்று எண்ணியிருந்தேன். எண்ணியிருந்தேன் என்பதுகூடப் பொய். கிண்ணம் காலியானது, அதற்கு மேல் நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். குற்றம் செய்தவனுக்குத்தான் குரல் பெரிதாக வரும்.

"உனக்குச் சோறு வடிச்சுச் சாப்பிட யார் வேணாம்னது? நான் சொன்னேனா?"

"நீங்க ஏன் சொல்லப்போறீங்க."

"அப்புறம் ஏன்?"

"ஆம்பள வெள்ளரிக்கா கடிச்சினு ஒக்காந்துகினு கீறாரு. நான் இந்தப் பக்கம் கொழம்ப ஊத்திப் பெசஞ்சி துன்னா எறங்குமா? தொண்டையிலியே நிக்குது. பேஜாரு. தாளிக்காதன்னு சொன்னீங்க. தாளிக்காத கொழம்ப எப்பிடி துன்றது, சொல்லுங்க. மாட்டுக்கு வெக்கிற கழனித்தண்ணி மாதிரி கீது" என்றாள்.

"அது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்னுதானே சொன்னேன்!"

"எந்த ஞாயித்துக்கெயமைன்னு நீங்க இன்னும் சொல்லலியே."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே காத்திருந்தவள் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டது. அம்மி இல்லை, கரண்டி இல்லை, கடுகு இல்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் பசியை வைத்து என் உடம்பைச் செதுக்கியிருக்கிறேன். இந்த வரி அழகாக வந்துவிட்டது. அழித்துவிட நினைத்தேன். இருக்கட்டும், அழகாக வருவதே எனக்கு இழிவுதான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன். ஓடுவதற்கு இல்லை. மீன் வறுக்கிற அம்மாவிடம் நல்ல நெத்திலிக் கருவாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஓட்டம் வுட்டாச்சா சார்?"

"வீட்டுல உடம்பு சரியில்ல."

"யாருக்கு, உனுக்கா?"

"எனக்கில்ல."

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை மடித்து வைத்துக்கொண்டாள். பக்கத்துக் குடிசையில் கூப்பிட்டு, மணலில் காய்ந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொன்னாள்.

பரணிலிருந்து குக்கரை நானே இறக்கினேன். சமைக்க எனக்குத் தெரியாது. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் அவள் எழுந்து வந்துவிடுவாள் என்பதால் கேட்காமல் வைத்தேன். கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவே எதுவோ வந்தது. கருவாட்டைக் கழுவினேன். கழுவியது போதாது, மணல் கடித்தது என்று பிறகு தெரிந்தது. எண்ணெய் காய்வதற்கு முன்பே கடுகைப் போட்டேன். அது வெடிக்கவில்லை. எண்ணெயில் கிடந்து என்னைப் பார்த்தது. அடுப்பைக் கூட்டினேன். திடீரென்று எல்லாம் ஒன்றாக வெடித்து, ஒன்று வந்து கன்னத்தில் சுட்டது. அறை வாங்கிய மாதிரி இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"இன்னா பண்றீங்க அங்க? வூட்ட கொளுத்தறீங்களா?" படுத்திருந்த இடத்திலிருந்து அவள் குரல். குரலில் சிரிப்பு இருந்தது. நாலைந்து மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

தட்டு வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். கை வைக்கவில்லை.

"நீங்க?"

"நீ சாப்பிடு. நான் அப்புறம்."

"அப்புறம்னா எறங்காது."

இருவருமே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டால் என் கல்லீரல், சாப்பிடாவிட்டால் அவள் ரத்தம். கடைசியில் என் முட்டைகளை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன். வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்த முழு முட்டை. நான் ஒரு வாய் கடித்ததும் அவள் ஒரு வாய் எடுத்தாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். ஒரு முட்டையை அவ்வளவு மெதுவாக நான் தின்றதில்லை.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஜிம்முக்குப் போகிறேன், டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவில்லை, நிதானமாகப் போகச் சொன்னார். தினமும் ஒரு கரண்டிச் சோறு எனக்கும் அனுமதி. பெல்ட் ஓர் ஓட்டை பின்னால் வந்துவிட்டது. "இன்னா அண்ணாத்த, ஏறினு வரியே?" என்று மாஸ்டர் கேட்டான். "வீட்டுல தாளிக்கிறாங்க" என்றேன். "அய்யய்யோ, போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். கண்ணாடி முன்னால் போனால் இப்போதும் கை தானாக மடங்குகிறது. எலி ஓடுகிறதா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நேற்று அவளே எழுந்து கத்தரிக்காய் போட்டு நெத்திலிக் குழம்பு வைத்தாள். கடுகு சரியான நேரத்தில் வெடித்தது. நான் கூடத்தில் உட்காராமல் அடுப்படியிலேயே நின்றேன். நான் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் சட்டியை இழுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஒரு உருண்டையை என் பக்கம் நீட்டினாள்.

"டாக்டர் ஒரு கரண்டின்னாரு" என்றேன்.

"இது கரண்டி இல்ல, கை."

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். புளியும் கருவாடும் சட்டியின் தீய்ந்த ருசியும். இத்தனை வருஷமாக அடுப்படியில் அவள் தனியாக வைத்திருந்த ருசி அது. இரண்டாவது உருண்டைக்கு அவள் சட்டியை வழித்தபோது மோதிரத்தைப் பார்த்தேன். நூல் இன்னும் இருந்தது. குழம்பு பட்டுப் பட்டு மஞ்சளாகியிருந்தது. அதை அவிழ்க்கிற அளவுக்கு விரல் இன்னும் ஊறவில்லை.

"போதும்" என்றேன். "மீதி நீ சாப்பிடு. நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன்."

அவள் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.